அட்டை இல்லாதவரின் ஆஸ்பத்திரிச் செலவு யார் கணக்கில்?

"நாங்க கட்டற வரியில ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்கோணுமுங்களா?" கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் தொழில் செய்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும் தாராளமாக எடுத்துக் கொடுப்பவர்கள்தான். மாதம் தவறாமல் ஜிஎஸ்டி, ஆட்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பிஎஃப், கரண்டு பில் எல்லாம் கட்டிவிட்டு, தன் குடும்பத்துக்கென்று தனியாக மருத்துவக் காப்பீடும் எடுத்து வைத்திருப்பவருக்கு, காப்பீடே இல்லாத ஒருவரின் செலவையும் நான் ஏன் சுமக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அதனால் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

சுமக்கத்தான் வேண்டும் என்பது என் பதில். காரணத்துக்குப் போவதற்கு முன், காப்பீடு இல்லாதவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்பதைப் பார்த்துவிடலாம். ஏனென்றால் பேச்சில் வரும் ஆள் வேறு, நிஜத்தில் இருக்கும் ஆள் வேறு.

நம் பக்கத்துக் குடும்பத்துக்கு மருத்துவப் பாதுகாப்பு வரும் பழைய வழி இஎஸ்ஐ. 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய அந்தத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்தது கோயமுத்தூருக்கு, 1955இல். பஞ்சாலைகள் நிறைந்த ஊர் என்பதால் வந்தது. இப்போது சம்பளத்தில் தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். டிஸ்பென்சரியில் தொடங்கி சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனை வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. இது முழுக்க அவரவர் கட்டிய பணம் என்று பலரும் நினைக்கிறார்கள். மருத்துவச் செலவில் எட்டில் ஒரு பங்கை மாநில அரசு ஏற்கிறது. அதாவது அங்கேயும் வரிப்பணம் உண்டு.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இந்தப் பெயரில் மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் சேர்ந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று வளர்ந்திருக்கிறது. பிரீமியத்தை அரசே காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டிவிடும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று முன்பு இருந்தது. 2022இல் அதை 1,20,000 ஆக்கினார்கள். அரசு ஊழியர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. மற்றவர்கள் சொந்தக் காசில் பாலிசி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி கொங்கு நாட்டில் அகலமானது. சோமனூர், பல்லடம் பக்கம் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு நூலும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பது. தறி குடோனும் வங்கிக் கடனும் இவருடையது. பெயருக்கு இவர் முதலாளி. வேலை பார்ப்பது இவரும் மனைவியும் கூட ஒரு ஆளும். பத்துப் பேர் இல்லாததால் இஎஸ்ஐ கிடையாது. தறி ஓடும் வீடு என்பதால் 1,20,000க்குள் வருமானச் சான்று கிடைப்பதும் சந்தேகம்தான். கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தி வைக்கும் மாதங்களில் மளிகைக் கடையிலேயே கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் நெஞ்சு வலி வந்தால் அவரிடம் காட்ட ஒரு அட்டையும் இருக்காது.

திருப்பூரில் இது வேறு விதமாக நடக்கிறது. பனியன் கம்பெனியில் கணவன் பவர் டேபிளில் டெய்லர், மனைவி செக்கிங். இருவர் சம்பளத்தையும் சேர்த்தால் ஆண்டின் பாதியிலேயே 1,20,000 தாண்டிவிடும். சரி, இஎஸ்ஐ இருக்கிறதே என்றால், அதற்கும் ஒரு சம்பள வரம்பு உண்டு. 2017 ஜனவரியில் அதை மாதம் 21,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். அனுபவமுள்ள டெய்லரின் சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டினால், செப்டம்பரிலோ மார்ச்சிலோ அந்த அரையாண்டு முடிந்ததும் அவர் இஎஸ்ஐக்கு வெளியே போய்விடுவார். ஐந்நூறு ரூபாய் சம்பள உயர்வோடு அவர் பெயரில் இருந்த மருத்துவப் பாதுகாப்பு போகிறது. கம்பெனி வேலையை விட்டு ஜாப் ஒர்க் யூனிட்டில் பீஸ்ரேட்டுக்குப் போனவர்களுக்கு இஎஸ்ஐ பிடித்தமே இருப்பதில்லை. இவர்களில் யாரும் சோம்பேறி இல்லை. காப்பீடு எடுக்க மறந்தவர்களும் இல்லை.

சொந்தமாகப் பாலிசி எடுக்க வேண்டியதுதானே என்பார்கள். முப்பது வயதில், நோய் நொடி இல்லாதபோது எடுத்தால் கட்டுப்படியாகும். தறிக்காரருக்கு ஐம்பது வயதில், சர்க்கரை வந்த பிறகு அந்த எண்ணம் வரும். அப்போது பிரீமியமும் ஏறியிருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்கவும் விதி இடம் கொடுக்கிறது. 2024க்கு முன்பு அது நான்கு ஆண்டு.

இப்போது வரிக்கு வருவோம். வரி கட்டுபவர் ஒரு பக்கம், சிகிச்சை வாங்குபவர் ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசுவது கணக்குப்படி நிற்காது. வருமான வரி கட்டுபவர் கொஞ்சம் பேர்தான். ஆனால் செல்போன் ரீசார்ஜுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி எல்லோரும் கட்டுகிறோம். பனியன் கம்பெனியில் டெய்லருக்குக் கைமடி, அதாவது உதவியாள், வேலை பார்க்கும் பையன் எக்ஸ்எல் வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் வரி கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறான். டாஸ்மாக்கை எடுத்துக்கொண்டால் 2024–25இல் மட்டும் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். 2025–26 பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி. குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டவனுக்கு நான் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவன் தன் வைத்தியத்துக்கும் மேலாகவே கட்டியிருக்கிறான். அவனிடமிருந்து வாங்கியதில் ஒரு பகுதி அவனுக்கே போவதை யாரும் தானம் என்று சொல்ல முடியாது.

காப்பீடு வைத்திருப்பவர்களும் வரிப்பணத்தைத் தொடாதவர்கள் இல்லை. பழைய முறையில் வருமான வரி கட்டுபவர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 25,000 ரூபாய் வரை கழிவு பெறலாம். மூத்த குடிமக்களுக்கு 50,000. 30 சதவீத வரி கட்டும் ஒருவருக்கு 25,000 ரூபாய் பிரீமியத்தில் 7,500 ரூபாய்க்குக் குறையாமல் வரி மிச்சமாகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. இவையெல்லாம் நல்ல முடிவுகள்தான். ஆனால் அரசு வாங்காமல் விட்ட வரியும் அரசின் செலவுதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பாலிசி உள்ளவரின் பிரீமியத்தில் ஊர்ப்பணம் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது.

இதெல்லாம் கணக்கு. கணக்கைத் தாண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பாம்புக்கடியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கோபி, சத்தியமங்கலம் பக்கம் கரும்புக் காட்டிலும் மஞ்சள் காட்டிலும் வேலை செய்பவர்களுக்கும், கட்டுத்தரைக்குப் பக்கத்தில் சோளத்தட்டுப் போரிலிருந்து தட்டு உருவுபவர்களுக்கும் கண்ணாடி விரியன் பயம் எப்போதும் உண்டு. கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்ததும் செய்யும் முதல் சோதனை மிக எளிமையானது. நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் நிற்க வைக்கிறார்கள். அப்புறம் குழாயை மெல்லச் சாய்த்துப் பார்க்கிறார்கள். ரத்தம் உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால் விரியன் விஷம் உடம்பில் வேலை செய்கிறது என்று பொருள். உடனே எட்டு முதல் பத்து குப்பி விஷமுறிவு மருந்தை டிரிப்ஸில் ஏற்றத் தொடங்க வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து அதே சோதனை. இன்னும் உறையவில்லை என்றால் மறுபடியும் மருந்து. கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டால் டயாலிசிஸ் தேவைப்படும்.

அந்த இருபது நிமிடத்தில் வருமானச் சான்றைத் தேட முடியுமா? பாலிசி எண்ணைக் கேட்டு, மும்பையிலோ சென்னையிலோ இருக்கும் அலுவலகத்திலிருந்து ஒப்புதல் வரும் வரை மருந்தை நிறுத்தி வைக்க முடியுமா? தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும்கூட, விஷமுறிவு மருந்து விலையில்லாமல் போடப்படுகிறது. தோட்டக்காரருக்கும் அதே மருந்து, பண்ணையத்துக்கு வந்த கூலி ஆளுக்கும் அதே மருந்து. அந்தக் குப்பி அங்கே குளிர்பெட்டியில் இருப்பதற்குக் காரணம், யாருக்குத் தேவைப்படும் என்று தெரியாமலே எல்லோர் வரியிலிருந்தும் முன்கூட்டி வாங்கி வைத்திருப்பதுதான். கடித்த பிறகு பிரீமியம் வசூலித்து இதைச் செய்ய முடியாது. தனியார் மருத்துவமனையில் இந்த மருந்துக்கும் ஐசியுவுக்கும் அட்வான்ஸ் கட்டச் சொன்னால், வியாழக்கிழமை கருங்கல்பாளையம் சந்தைக்கு ஒரு கறவை மாடு போகும். அந்த மாடு போனால் அந்த வீட்டின் அன்றாட வருமானமும் கூடவே போகிறது.

நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் சேக் என்ற தொழிலாளியை, வசதி இல்லை, படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சொந்தச் செலவில் பிழைத்தார். 1996இல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை தர மறுப்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது என்றும், பணப் பற்றாக்குறையைச் சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் தீர்ப்பளித்தது.

தமிழ்நாடு இந்த வழியில் கொஞ்ச தூரம் போயிருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை என்று இருந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும். எந்த மாநிலத்துக்காரர், அட்டை இருக்கிறதா என்ற கேள்வி இல்லை. சேலத்திலிருந்து சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாகக் கோவை போகும் நெடுஞ்சாலையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். விபத்துக்கு ஒத்துக்கொண்ட நியாயம் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பொருந்தாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

தொற்றுநோயில் இன்னும் தெளிவு. பஞ்சு பறக்கும் மில்லிலும் காற்றோட்டம் குறைந்த தறி குடோனிலும் ஒருவருக்குக் காசநோய் வந்து, காசில்லாமல் பாதியில் மருந்தை நிறுத்தினால், பக்கத்துத் தறியில் நிற்பவருக்கு அது வரும். பெருந்துறை சானிடோரியம் இந்த நோய்க்காக எழுந்த இடம். இன்று காசநோய்க்கு மருந்து எல்லோருக்கும் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் அரசு கொடுக்கிறது, 2024 நவம்பருக்கு முன் அது 500. திருப்பூரில் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் பத்துப் பேர் தங்கும் பையன்களில் ஒருவருக்கு இருமல் என்றால், அவருக்கு மருந்து போய்ச் சேர்வது அவர் முதலாளியின் குடும்பத்துக்கும் சேர்த்த பாதுகாப்பு.

சரி, வரிப்பணம் செலவாகட்டும். எந்த வாசல் வழியாகப் போக வேண்டும்? விவாதம் சூடாக வேண்டிய இடம் இது என்பது என் எண்ணம்.

அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டி, நிறுவனம் மருத்துவமனைக்குப் பணம் கட்டும் முறையில் நன்மை உண்டு. இதய அறுவை சிகிச்சைக்கு அட்டையோடு கோவையின் பெரிய தனியார் மருத்துவமனைக்குள் ஒரு கூலித் தொழிலாளி நுழைய முடிந்தது அதனால்தான். அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் சிகிச்சை தந்து, வரும் பணத்தில் கருவிகள் வாங்குகின்றன. ஆனால் அட்டை உள்நோயாளிகளுக்கானது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, வாரக்கணக்கில் நீளும் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை இவற்றுக்கெல்லாம் அது உதவாது. ஏழைக் குடும்பத்தின் பணம் மெல்ல மெல்லக் கரைவது இவற்றில்தான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசிலிருந்து போட்டது 2013–14இல் 64.2 சதவீதம், 2021–22இல் 39.4 சதவீதம். குறைந்திருப்பது நல்ல செய்தி. நூறு ரூபாயில் நாற்பது ரூபாய் இன்னும் நோயாளியின் பையிலிருந்துதான் போகிறது என்பதும் உண்மை.

வேறொரு ஆபத்தும் உண்டு. அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் பணம் வரும்போது, தேவையில்லாத அறுவை சிகிச்சை செய்யும் ஆசையும் வந்துவிடுகிறது. சத்தீஸ்கரிலும் பிகாரிலும் பழைய மத்தியக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றியது 2012இல் அம்பலமானது. வரி கட்டுபவர் கோபப்பட வேண்டியது இப்படிப்பட்ட செலவைப் பார்த்து.

இன்னொரு வாசல், அரசு மருத்துவமனையை நேரடியாகப் பலப்படுத்துவது. இதில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. 1994இல் பதிவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாக டெண்டரில் வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் போட்டு, அதன் வரம்புக்குள் எடுத்துக்கொள்ள விடுகிறது. மொத்தமாக வாங்குவதால் மாத்திரையின் விலை மருந்துக்கடை விலையில் சிறு பங்குதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுப் படிக்கு வரும் பிரஷர் மாத்திரை அப்படி வாங்கியது. அந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவருக்குப் பத்து வருடம் கழித்து டயாலிசிஸ் தேவைப்படாமல் போக வாய்ப்பு அதிகம். டயாலிசிஸ் வந்துவிட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆயுசுக்கும். அந்தச் செலவும் கடைசியில் இதே வரிப்பணத்தின் தலையில்தான் விழும்.

மக்கள் நல்வாழ்வுத் துறையின் 2025–26 ஒதுக்கீட்டை மாநில மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய்கூட வரவில்லை. மாதக் கணக்கில் ஒரு செல்போன் ரீசார்ஜ் அளவு. அதற்குள் பிரசவம், தடுப்பூசி, 108 ஆம்புலன்ஸ், பாம்புக்கடி, மருத்துவக் கல்லூரி எல்லாம் அடக்கம். இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு நடக்கிறது என்பதை வியப்போடுதான் பார்க்கிறேன். இன்னும் போட்டால் என்ன கிடைக்கும் என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. 2019இல் கரூருக்கும், 2022இல் திருப்பூர், நாமக்கல், நீலகிரிக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. அதற்கு முன், கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றாலே "கோயமுத்தூருக்குக் கொண்டு போயிருங்க" என்பதுதான் பதில்.

தொழிலதிபர்கள் சொல்லும் ஒன்றை நான் தள்ளமாட்டேன். பணத்தை ஊற்றினால் போதாது, அரசு மருத்துவமனையில் கூட்டமும் அழுக்கும் காத்திருப்பும் இருக்கும் வரை யாரும் நம்பி வரமாட்டார்கள் என்கிறார்கள். நியாயம். இரவு நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் இல்லை, ஸ்கேன் மெஷின் ரிப்பேர் என்ற நிலை இருந்தால் வரி கட்டியவன் கேட்க வேண்டும். அந்த மருத்துவமனை தனக்கும் உரியது என்று நினைப்பவன்தான் அப்படிக் கேட்பான். அறக்கட்டளை மருத்துவமனைகள் கோவையின் பெரிய சொத்து. கண் சிகிச்சையில் அவை செய்தது ஏராளம். ஆனால் கொடுப்பவர் மனதையும் அந்த ஆண்டின் லாபத்தையும் நம்பி ஒரு மாவட்டத்தின் பிரசவ வார்டை நடத்த முடியாது.

நடுவில் விழும் குடும்பங்களுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு எனக்குத் தோன்றும் வழி இது. வருமானக் கோட்டுக்கு மேலே இருப்பவரை முழுக்கத் தள்ளாமல், பிரீமியத்தில் ஒரு பகுதியைக் கட்டி முதலமைச்சர் திட்டத்தில் சேர விட வேண்டும். மீதியை அரசு போட வேண்டும். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் விரித்தது. ஆக, வருமானக் கோடு மாற்றவே முடியாத ஒன்று கிடையாது. எட்டுத் தறிக்காரர் சும்மா கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளி முடிந்து கூலிக் கணக்குப் பார்க்கும்போது, தன் பங்கைக் கட்டுவார். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கப் புதிதாகக் கணக்கெடுப்பும் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் வாங்கும் விசைத்தறிக்காரர்களின் இணைப்பு எண்கள் மின்வாரியத்திடம் இருக்கின்றன. சம்பள வரம்பைத் தாண்டி வெளியே போனவர்களின் விவரம் இஎஸ்ஐ அலுவலகத்தில் இருக்கிறது.